நியோஷோ: ஓர் எண்ணெய்க்கப்பலின் சேவை வரலாறு

கடற்போர்களின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் பீரங்கிகளையும் விமானங்களையும் அவற்றை ஏவிய தளபதிகளையும் பற்றியே எழுதியுள்ளனர். அப்பீரங்கிகளைச் சுமந்து சென்ற கப்பல்கள் எதனால் ஓடின, அந்த எரிபொருளை நடுக்கடலில் அவற்றுக்கு யார் கொண்டு சென்று கொடுத்தனர் என்னும் வினாக்கள் அடிக்குறிப்புகளின் எல்லையைத் தாண்டி வருவது அரிது. ஐக்கிய அமெரிக்கக் கடற்படையின் எண்ணெய்க்கப்பலான நியோஷோ இவ்வகையில் ஒரு விதிவிலக்காகும். 1939 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 7 ஆம் திகதி சேவையில் இணைக்கப்பட்டு 1942 ஆம் ஆண்டு மே மாதம் 11 ஆம் திகதி கடலடியிற் சேர்ந்த அக்கப்பல், மூன்றாண்டு நிரம்பாத தன் வாழ்நாளில் இரண்டாம் உலகப் போரின் இரு பெரும் நிகழ்ச்சிகளில் இடம்பெற்றது. எனினும் அது நினைவுகூரப்படுவது அது ஆற்றிய பணிக்காக அன்று. பகைவர் அதனை வேறொன்றாகக் கண்டு மயங்கியமைக்காகவே. பிழையான இரு செய்திகளுக்கிடையே அகப்பட்ட ஒரு கப்பலின் வரலாறு இதுவெனலாம். அவற்றுள் ஒன்று பகைவரின் செய்தி. மற்றையது அக்கப்பல் தானே அனுப்பியது.

நிலக்கரியை விடுத்து எண்ணெயை எரிக்கத் தொடங்கியதும் போர்க்கப்பல்களின் வேகமும் செல்தூரமும் பெருகின. நிலக்கரியைக் கடலில் வைத்து மாற்றியேற்றுவது பெருந்துன்பமான காரியம். எண்ணெயையோ குழாய்வழியே செலுத்திவிடலாம். 1917 ஆம் ஆண்டு மே மாதம் 28 ஆம் திகதி, அயர்லாந்தை நோக்கிச் சென்றுகொண்டிருந்த அமெரிக்க நாசகாரிக் கப்பல்களுக்கு மோமி என்னும் எண்ணெய்க்கப்பல் அத்திலாந்திக் சமுத்திரத்தின் நடுவே, கப்பல்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் வழங்கியது. அந்த ஏற்பாட்டை வகுத்தவர்களுள் ஒருவர் அக்கப்பலில் அதிகாரியாக இருந்த செஸ்ரர் நிமிற்ஸ். கால்நூற்றாண்டின் பின் பசிபிக் கடற்படை முழுவதற்கும் தளபதியாகி, நியோஷோவின் தலைவிதியோடு தொடர்புறவிருந்தவரும் அவரே.

இம்முறை கேட்பதற்கு எளிது, செய்வதற்கு அரிது. எண்ணெய்க்கப்பல் திசையும் வேகமும் மாறாது நேரே ஓடவேண்டும். எண்ணெய் பெறும் கப்பல் அதன் பக்கத்தே சில பாகத் தூரத்தில் அதே வேகத்தில் ஓடவேண்டும். இரு கப்பல்களுக்கிடையே ஒடுங்கிப் பாயும் நீர் அவற்றை ஒன்றையொன்று நோக்கி இழுக்கும். சுக்கான் பிடிப்பவன் கணநேரம் அயர்ந்தாற் குழாய் அறும்; சிலவேளை கப்பல்களே மோதிக்கொள்ளும். அதனினும் பெரிய ஆபத்தொன்று உண்டு. குழாய்களாற் பிணைக்கப்பட்ட இரு கப்பல்களும் அவ்வேளையில் விரைந்து திரும்பவியலா. நீர்மூழ்கிக் கப்பலொன்றுக்கு இதனிலும் வாய்ப்பான இலக்குக் கிடைப்பது அரிது. நாசகாரி போன்ற சிறிய கப்பல்களுக்கு மட்டுமே பொருந்தும் எனக் கருதப்பட்ட இம்முறை, 1939 ஆம் ஆண்டு யூன் மாதத்திற் சரட்டோகா என்னும் விமானந்தாங்கிக் கப்பல் கனாவா என்னும் எண்ணெய்க்கப்பலிடமிருந்து எண்ணெய் பெற்ற பரிசோதனையின் பின் பெருங்கப்பல்களுக்கும் விரிவுற்றது.

ஆனாற் பழைய எண்ணெய்க்கப்பல்கள் மெதுவானவை. படையணியோடு செல்லத்தக்க வேகம் அவற்றுக்கு இருக்கவில்லை. இக்குறையை நீக்கும் பொருட்டு, வணிகத் தேவைக்கெனக் கட்டப்படும் எண்ணெய்க்கப்பல்களுக்கு மேலதிக வேகம் தரும் இயந்திரங்களைப் பொருத்துவதற்கான செலவை அரசு ஏற்கும் திட்டமொன்று வகுக்கப்பட்டது. நியூ யேர்சி ஸ்ராண்டேட் எண்ணெய்க் கம்பனிக்காகக் கட்டப்படவிருந்த பன்னிரண்டு கப்பல்கள் இத்திட்டத்தின்கீழ் அமைந்தன. நியோஷோவும் அவற்றுள் ஒன்று. நியூ யேர்சியின் கேர்னி நகரிற் கட்டப்பட்டு, 1939 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 29 ஆம் திகதி நீரில் இறக்கப்பட்டது. அமெரிக்க எண்ணெய்க்கப்பல்களுக்கு ஆறுகளின் பெயரை இடும் வழக்கத்திற்கேற்பக் கன்சாஸ், ஒக்லஹோமா மாநிலங்களூடாக ஓடும் ஆறொன்றின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. நீளம் 553 அடி, அகலம் 75 அடி, வேகம் மணிக்கு 18 கடல்மைல், கொள்ளளவு ஏறத்தாழ 1,47,000 பீப்பாய் எண்ணெய். பியூஜெற் சவுண்ட் கடற்படைத் தளத்தில் 1941 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் மாற்றியமைப்பு வேலைகள் நிறைவுற்றதும், அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து ஹவாய்த் தீவுகளிலுள்ள பேர்ள் துறைமுகத்துக்கு விமானப் பெற்றோல் கொண்டு செல்லும் பணியில் அது ஈடுபட்டது.

1941 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 7 ஆம் திகதி காலை, நியோஷோ அத்துறைமுகத்தின் போர்ட் தீவுப் பெற்றோல் மேடையருகே கட்டப்பட்டிருந்தது. அதன் ஒரு புறத்தே கலிபோர்ணியா, மறு புறத்தே மேரிலாந்தும் ஒக்லஹோமாவும். பெரும் போர்க்கப்பல்களின் வரிசைக்கு நடுவே நின்ற எண்ணெய்க்கப்பல்! விமானப் பெற்றோலைக் கரைக்கு இறக்கும் வேலை அவ்வேளையில் முடிவடையும் தறுவாயில் இருந்தது. பெற்றோல் நிரம்பிய தாங்கியைவிட, பெற்றோல் வெளியேறி அதன் ஆவி நிரம்பிய தாங்கியே ஆபத்து மிக்கது என்பதை எண்ணெய்த் தொழிலில் உள்ளோர் அறிவர். ஒரு குண்டு அங்கு விழுந்திருப்பின், அருகிலிருந்த மேடையும் கரைத்தாங்கிகளும் போர்க்கப்பல்களும் சேர்ந்து எரிந்திருக்கக்கூடும்.

யப்பானிய விமானிகள் போர்க்கப்பல்களையே குறிவைத்து வந்தனர். எண்ணெய்க்கப்பலை அவர்கள் பொருட்படுத்தவில்லை. கப்பலின் தலைவராகிய ஜோன் பிலிப்ஸ் இழுவைப் படகுகளின் உதவிக்குக் காத்திராது, கட்டுக்கயிறுகளை வெட்டி விடுவித்து, காலை 8.42 மணிக்குக் கப்பலைப் பின்னோக்கிச் செலுத்தத் தொடங்கினார். 553 அடி நீளமுடைய கப்பலை, கவிழ்ந்து கிடந்த ஒக்லஹோமாவை உரசாது, குண்டுமாரிக்கிடையே பின்னோக்கி ஓட்டிச் செல்வது சாதாரண காரியமன்று. கப்பலின் துப்பாக்கிகளும் ஓயாது சுட்டன. துறைமுகத்தின் பாதுகாப்பான மூலையொன்றை நியோஷோ அடைந்தபோது அதன் மாலுமிகளுள் மூவர் மட்டுமே காயமுற்றிருந்தனர். இச்செயலுக்காகப் பிலிப்ஸ் கடற்படைச் சிலுவை விருது பெற்றார்.

அன்று தப்பியது நியோஷோ மட்டுமன்று. துறைமுகத்தைச் சூழ்ந்த தாங்கிகளில் இருந்த ஏறத்தாழ 45 இலட்சம் பீப்பாய் எண்ணெயும் தீண்டப்படாது தப்பியது. யப்பானியர் இதனைக் கவனியாது விட்டமை விந்தையே. ஏனெனில் எரிபொருளின் அருமையை அவர்களினும் நன்கறிந்தோர் எவருமிலர். வடபசிபிக்கின் கொந்தளிக்கும் அலைகளுக்கிடையே தம் எண்ணெய்க்கப்பல்களிடம் மீண்டும் மீண்டும் எண்ணெய் பெற்றே அவர்கள் ஹவாயை அணுகினர். செல்தூரம் குறைந்த விமானந்தாங்கிகள் பீப்பாய்களில் எண்ணெயை மேலதிகமாக அடுக்கிச் சென்றன. தம் தாக்குதலைச் சாத்தியமாக்கிய பொருளையே தாக்குவதற்கு உரியதாக அவர்கள் மதிக்கவில்லை.

நான்கு மாதங்களின் பின் அதே விமானந்தாங்கி அணி இந்து சமுத்திரத்துள் நுழைந்தமை இலங்கையில் நன்கறியப்பட்ட செய்தி. 1942 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 5 ஆம் திகதி கொழும்பும் 9 ஆம் திகதி திருகோணமலையும் தாக்கப்பட்டன. சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளுள் ஒன்று யப்பானிய விமானமொன்று மோதியதால் எரிந்தது. அன்றே கிழக்குக் கரைக்கு அப்பால் ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலோடு, அதெல்ஸ்ரேன், பிரிற்றிஷ் சார்ஜண்ட் என்னும் இரு எண்ணெய்க்கப்பல்களும் மூழ்கடிக்கப்பட்டன. அவ்வணியைச் சேர்ந்த ஐந்து விமானந்தாங்கிகளுள் ஷோக்காக்கு, சுயிக்காக்கு ஆகிய இரண்டும் அங்கிருந்து நேரே தென்பசிபிக்கிற்கு அனுப்பப்பட்டன. மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிசை அழித்த விமானிகளுட் பலர் ஒரு மாதம் கழியுமுன் நியோஷோவின்மீது பாய்ந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

யப்பானியரின் நோக்கம் நியூகினியாவின் தென்கரையிலுள்ள மோர்ஸ்பி துறைமுகத்தைக் கைப்பற்றுவது. அவர்களது இரகசியச் செய்திகளை ஓரளவு வாசித்தறிந்திருந்த நிமிற்ஸ், லெக்சிங்ரன், யோர்க்ரவுன் ஆகிய விமானந்தாங்கிகளைப் பவளக் கடலுக்கு அனுப்பினார். தலைமை அட்மிரல் பிராங் பிளெச்சருக்கு. அருகில் எண்ணெய் பெறத்தக்க பெருந்துறைமுகம் எதுவும் இல்லாத அக்கடலில் அவரது படையணி சார்ந்திருந்த எண்ணெய்க்கப்பல்கள் இரண்டே. ஒன்று டிப்பக்கனூ, பழையது, மெதுவானது. மற்றையது நியோஷோ. பிளெச்சர் வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் எண்ணெய் நிரப்பிக்கொள்வதிற் கண்ணாயிருந்தமையைப் பின்னாளிற் சிலர் குறைகூறினர். ஆயினும் அப்பரந்த கடலில் அவரது நிலையிலிருந்து நோக்குவார்க்கு அது குறையாகத் தோன்றாது.

மே மாதம் 6 ஆம் திகதி யோர்க்ரவுனுக்கும் அஸ்ரோறியா என்னும் குரூசர்க் கப்பலுக்கும் எண்ணெய் வழங்கியபின், போர் நிகழவிருந்த பகுதியிலிருந்து விலகித் தெற்கே செல்லுமாறு நியோஷோ பணிக்கப்பட்டது. துணைக்குச் சிம்ஸ் என்னும் நாசகாரிக் கப்பல் ஒன்று மட்டுமே சென்றது. எண்ணெய்க்கப்பலைப் பாதுகாப்பான இடத்துக்கு அனுப்புவதாகவே எல்லோரும் கருதினர்.

7 ஆம் திகதி காலை 7.22 மணியளவில், தெற்கே தேடச் சென்ற யப்பானிய விமானங்களிலிருந்து செய்தி வந்தது: ஒரு விமானந்தாங்கிக் கப்பல், ஒரு குரூசர். அவர்கள் கண்டது நியோஷோவையும் சிம்சையுமே. தட்டையான நீண்ட மேற்றளமுடைய எண்ணெய்க்கப்பலை மேகங்களுக்கூடாகத் தொலைவிலிருந்து நோக்குபவன் விமானந்தாங்கியென மயங்குவது இயல்பே. விமானந்தாங்கியைக் காணவேண்டும் என்ற பேரவாவோடு செல்பவனுக்கு அம்மயக்கம் இன்னும் எளிதில் உண்டாகும். அட்மிரல்களாகிய தாக்காகியும் ஹாராவும் இச்செய்தியை நம்பி 78 விமானங்களை ஏவினர். சிறிது நேரத்தின்பின், உண்மையான அமெரிக்க விமானந்தாங்கிகள் வடமேற்கே நிற்பதாக வேறு விமானங்கள் அறிவித்தன. ஆனால் ஏவிய விமானங்கள் ஏவப்பட்டுவிட்டன.

அதே காலையில் அமெரிக்கரும் இதற்கு இணையான பிழையொன்றைச் செய்தனர். சங்கேதக் குறியீட்டில் நேர்ந்த தவற்றினால், தம் தேடல் விமானமொன்று இரு விமானந்தாங்கிகளைக் கண்டதாகக் கருதி 93 விமானங்களை ஏவினர். அவர்களுக்கோ அதிர்ஷ்டம் துணைநின்றது. அச்செய்தி பிழையாயினும், செல்லும் வழியில் ஷோஹோ என்னும் சிறு விமானந்தாங்கி உண்மையாகவே அகப்பட்டது. நண்பகலுக்கு முன் அது மூழ்கடிக்கப்பட்டது. இவ்வாறு இரு தரப்பாரும் இல்லாத ஒன்றை நோக்கித் தம் முழுப்பலத்தையும் செலுத்த, ஒரு தரப்பாருக்கு விமானந்தாங்கியும் மற்றைத் தரப்பாருக்கு எண்ணெய்க்கப்பலும் கிடைத்தன.

யப்பானிய விமானங்கள் காலை ஒன்பது மணி கடந்து இலக்கை அடைந்தபோதே அது விமானந்தாங்கியன்று எனக் கண்டன. அவற்றின் தலைவரான தாக்காஹாஷி, உண்மையான விமானந்தாங்கி அண்மையில் எங்கேனும் இருக்கவேண்டும் என எண்ணி ஏறத்தாழ இரு மணிநேரம் தேடினார். எரிபொருள் குறைந்துவந்தது. ஈற்றில் டோப்பிடோ விமானங்களையும் சண்டை விமானங்களையும் திருப்பியனுப்பிவிட்டு, பாய்ந்து குண்டெறியும் 36 விமானங்களையும் அவ்விரு கப்பல்களின்மீது ஏவினார். சிம்ஸ் மூன்று குண்டுகள் பட்டு இரண்டாகப் பிளந்து சிறிது நேரத்தில் மூழ்கியது. அதன் மாலுமிகளுட் பெரும்பான்மையோர் மாண்டனர். பதினைந்து பேரளவிலானோரே சேதமுற்ற படகொன்றில் நியோஷோவை வந்தடைந்தனர்.

நியோஷோவின்மீது ஏழு குண்டுகள் விழுந்தன. சுடப்பட்டுத் தீப்பற்றிய யப்பானிய விமானமொன்றும் அதன்மீது வந்து மோத, எரியும் பெற்றோல் தளத்திற் பரவியது. இயந்திர அறையும் கொதிகலன் அறையும் அழிந்தன. கப்பல் அசைவற்று ஒருபுறம் பெரிதும் சரிந்து நின்றது. எனினும் அது மூழ்கவில்லை. பல அறைகளாகப் பகுக்கப்பட்ட எண்ணெய்த் தாங்கிகளே, அதிலும் எண்ணெய் வழங்கி வெறுமையாகியிருந்த தாங்கிகளே, அதனை மிதக்கவைத்தன எனக் கருதலாம்.

கொதிகலன் பகுதியின் தலைமை மாலுமிகளுள் ஒருவரான ஒஸ்கார் பீற்றர்சன் பழுதுபார்க்கும் குழுவொன்றுக்குத் தலைவராயிருந்தார். குழுவினர் காயமுற்று வீழ்ந்தபின், தாமும் கடுமையாகக் காயமுற்றிருந்த நிலையில், நீராவிக் குழாய்களின் அடைப்பான்களை அவர் தனியே சென்று மூடினார். வெளிப்பட்ட வெப்பம் அவருடலை மேலும் எரித்தது. கப்பல் பின்வந்த நாட்களிலும் மிதந்து நின்றமைக்கு அவரது செயலும் ஒரு காரணமெனக் கடற்படை பின்னர் அறிவித்தது. மே மாதம் 13 ஆம் திகதி அவர் அக்காயங்களால் இறந்தார்.

இவ்வரலாற்றின் மிகத் துயரமான பகுதி தாக்குதல் ஓய்ந்தபின்னரே தொடங்குகிறது. கப்பலைக் கைவிடுவதற்கு ஆயத்தம் செய்து காத்திருக்குமாறு பிலிப்ஸ் கட்டளையிட்டார். அக்கட்டளையின் பின்பாதி பலருக்கு எட்டவில்லை. எட்டியோரிலும் சிலர் பொறுத்திருக்கவில்லை. எண்ணெய்க்கப்பலில் தீ என்றவுடன் மாலுமியின் மனத்தில் எழும் காட்சி யாது என்பதை எண்ணிப்பார்ப்போர் அவர்களை எளிதிற் பழிக்கமாட்டார்கள். பலர் கடலிற் குதித்தனர். மிதவைகள் அவிழ்த்துவிடப்பட்டுக் காற்றோடு நகர்ந்தன. அன்று மாலை ஆளெண்ணியபோது 150 பேருக்கு மேற்பட்டோரைக் காணவில்லை. மூழ்கிவிடும் என அஞ்சிக் கைவிடப்பட்ட கப்பல் நான்கு நாட்கள் மிதந்தது. அதனை விட்டுச் சென்றோருட் பெரும்பாலோர் மீளவேயில்லை.

இந்நிலையில் நேர்ந்ததே இரண்டாவது பிழை. நியோஷோ தன் ஆபத்தை வானொலிமூலம் அறிவித்தபோது தந்த நிலையக்குறிப்பு தென் அகலக்கோடு 16 பாகை 25 கலை, கிழக்கு நெடுங்கோடு 157 பாகை 31 கலை என்பதாகும். கப்பல் உண்மையில் நின்றதோ 16 பாகை 9 கலை, 158 பாகை 3 கலை என்னும் இடத்தருகே. வேறுபாடு 30 கடல்மைலுக்கு மேல். வரைபடத்தில் ஒரு விரலகலமும் இராத இத்தூரம் கடலில் எத்துணைப் பெரிதென்பதை, தேடச் சென்ற மொனகன் என்னும் நாசகாரி எவரையும் காணாது திரும்பியமை காட்டுகிறது. குண்டுவீழ்ச்சியால் நிலைகுலைந்த கப்பலில், கணிப்பவரின் கை தடுமாறியது வியப்பன்று. ஆனால் யப்பானிய விமானியின் பிழையால் யப்பானியர் ஒரு காலைப்பொழுதையே இழந்தனர்; இப்பிழையால் மிதவைகளிற் கிடந்தோர் தம் உயிரை இழந்தனர்.

சரிந்த தளத்தில் எஞ்சியிருந்தோர் காயமுற்றவரைப் பேணியும், இறந்தவரைக் கடலில் அடக்கம் செய்தும், இராக்காலத்திற் கப்பல் கவிழுமோ என அஞ்சியும் காத்திருந்தனர். 8 ஆம் திகதி வடக்கே விமானந்தாங்கிகளின் பெரும்போர் நிகழ்ந்து முடிந்தமை அவர்களுக்குத் தெரியாது. அப்போரில் லெக்சிங்ரன் அழிந்தது. யோர்க்ரவுனும் ஷோக்காக்குவும் சேதமுற்றன. முந்திய நாள் நியோஷோவைத் தாக்கச் சொன்ன தாக்காஹாஷியும் மாண்டார். 11 ஆம் திகதியே, விமானங்களின் தேடலின் பின், ஹென்லி என்னும் நாசகாரி நியோஷோவை அடைந்தது. சிம்சிலிருந்து வந்தோர் உட்பட 123 பேர் மீட்கப்பட்டனர். கப்பலை இழுத்துச் செல்லும் நிலை இல்லாமையால், ஹென்லியே அதனை மூழ்கடித்தது.

ஒன்றோடொன்று பிணைக்கப்பட்ட மிதவைகளில் 68 பேர் சென்றிருந்தனர். தாக்குதல் நிகழ்ந்து ஒரு வாரத்துக்கும் மேற்பட்ட காலத்தின் பின் ஹெல்ம் என்னும் நாசகாரி அம்மிதவையைக் கண்டபோது அதில் உயிரோடிருந்தோர் நால்வர்.

நியோஷோ வேண்டுமென்றே தன்னைப் பலியிட்டுப் படையணியைக் காத்தது எனச் சிலர் புகழ்ந்து கூறுவர். அது பொருந்தாது. பலியிடுவோர் தம் முடிவை அறிந்து செல்வர். நியோஷோ பாதுகாப்பான இடத்துக்கே அனுப்பப்பட்டது. ஆயின் விளைவு மெய்யானது. யப்பானியரின் மிகச் சிறந்த விமானிகள் 7 ஆம் திகதியின் நற்பொழுதை ஓர் எண்ணெய்க்கப்பலைத் தேடிக் கண்டு அழிப்பதிற் கழித்தமையால், அன்று பிளெச்சரின் விமானந்தாங்கிகள் தாக்கப்படாது ஷோஹோவை அழிக்க முடிந்தது. மோர்ஸ்பி துறைமுகத்தை நோக்கி வந்த படை திரும்பிச் சென்றது. சேதமுற்ற ஷோக்காக்குவும், விமானங்களை இழந்த சுயிக்காக்குவும் அடுத்த மாதம் மிட்வேப் போரிற் பங்குபற்றவில்லை.

மறுபுறத்தே இழப்பும் பெரிது. விமானந்தாங்கியை இழந்த படை வேறு விமானந்தாங்கியைக் கொண்டு போரிடலாம். எண்ணெய்க்கப்பலை இழந்த படை கடலில் தரித்து நிற்கவே இயலாது. நியோஷோவின் அழிவின் பின் அப்பகுதியில் எஞ்சியது டிப்பக்கனூ மட்டுமே. பசிபிக்கிலிருந்த விரைவான எண்ணெய்க்கப்பல்கள் விரல்விட்டு எண்ணத்தக்கனவாயிருந்த அக்காலத்தில் அவற்றுள் ஒன்று குறைந்தமை நிமிற்சுக்குப் பெருங்கவலை அளித்தது. மோமியின் தளத்தில் நின்று குழாய் பொருத்தியவர் அவரல்லவா!

அதே 1942 ஆம் ஆண்டிற் சேவையில் இணைந்த வேறோர் எண்ணெய்க்கப்பலுக்கு நியோஷோ என்னும் பெயர் மீண்டும் சூட்டப்பட்டது. 1954 இற் பின்னுமொரு கப்பல் அப்பெயரைத் தாங்கியது. பீற்றர்சனின் பெயர் ஒரு பாதுகாப்பு நாசகாரிக்கு இடப்பட்டது. அவருக்கு இறப்பின்பின் வழங்கப்பட்ட அமெரிக்காவின் அதியுயர் வீரப் பதக்கம் போர்க்காலத்தில் எவ்வித வைபவமுமின்றி அவர் மனைவிக்கு அஞ்சலில் அனுப்பப்பட்டது. அதனை முறைப்படி அவர் குடும்பத்தாரிடம் கையளிக்கும் வைபவம் 2010 ஆம் ஆண்டிலேயே நடைபெற்றது.